இடைவேளையில் எழுந்தவள்

ஜனவரி 8

மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் வீட்டுக்கு வந்தார். என் கணவர் லூதர் சமைத்த மக்ரோனியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். தனி விமானம், டிவி ஒளிபரப்பு, தினமும் பார்க்க மருத்துவர்கள். எல்லாம் பள்ளி அணியில் ஆடும் எங்கள் மகள் ஒடெசாவுக்கு. அவர் போனதும் லூதர் பாத்திரம் கழுவியபடி, "ப்ளூம்ஃபோர்ட்லேர்ந்தும் கூப்பிட்டாங்க" என்றார். லூதர் படித்த, நம் கறுப்பினத்தாருக்காகவே அந்தக் காலத்தில் தொடங்கிய சின்னக் கல்லூரி. எனக்குக் காது கேட்காததுபோல் இருந்துவிட்டேன்.

நான் படித்தது பெரிய இடத்தில்தான். கடைசி வருடம் வரை வகுப்பில் ஒரே கறுப்புப் பெண். யாரும் கெடுதல் செய்யவில்லை. பட்டம் வந்தது, வேலை வந்தது.

ஜனவரி 12

காப்பீட்டு நிறுவனத்தில் அபாயம் கணக்கிடுவது என் பிழைப்பு. வீட்டில் மட்டும் எப்படி விடுவது? ப்ளூம்ஃபோர்ட்டுக்கே போகிறேன் என்ற ஒடெசாவிடம், பாரம்பரியம் முட்டியைச் சரிசெய்யாது என்றேன். ஒடெசாவின் இடது முட்டியில் அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது.

"எல்லாரும் பெரிய எடத்துக்கே போனா நம்ம காலேஜ் எப்பம்மா பெருசாகும்?"

"நீ ஒருத்தி போனா மாறிடுமா? பின்னாடி யாரும் வர மாட்டாங்க."

"யாராச்சும் முன்னாடி போனாத்தானே வருவாங்க?"

கதவை அறைந்து சாத்தினாள்.

ஜனவரி 13

ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று லூதர் சொன்னதற்குத் தலையாட்டினேன்.

ஜனவரி 27

ப்ளூம்ஃபோர்ட் போனோம். ஆட்ட அரங்கின் மூலையில், கூரை ஒழுகும் இடத்தில் வாளி. பயிற்சியாளர் வெர்னெல் டேட்டுக்கு என் வயதுதான் இருக்கும். முட்டியைப் பற்றிக் கேட்டேன்.

"தினமும் பாக்க டாக்டர் இல்லைங்க. ஊர் ஆஸ்பத்திரிலேர்ந்து வாரம் ஒருதரம் வருவார். அது போதாதுன்னு உங்க டாக்டர் சொன்னா, அந்தப் பெரிய எடத்துக்கே அனுப்புங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இப்படிப் பேசி ஒருவர் எதை விற்க முடியும்? ஆனாலும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஆட்டம். இடைவேளையில் பாப்கார்ன் வாங்க எழுந்தேன். வரிசை முழுக்க என்னைப் பார்த்தது. பின்னால் ஊதாத் தொப்பி போட்ட அம்மாள் என் கோட்டைப் பிடித்து இழுத்தார். "எங்க கெளம்பிட்டீங்க? ஒக்காருங்க. இதுக்குத்தான் நாங்க டிக்கெட்டே வாங்குறோம்."

இடைவேளையில் வாசிக்கக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழு களத்தில் இறங்கியது. முரசுச் சத்தத்தில் பெஞ்சே அதிர்ந்தது. முன்கூட்டியே ஏன் சொல்லவில்லை என்று லூதரிடம் கத்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

"சொன்னா நீ ஆதாரம் கேப்ப."

ஒடெசா எதிர்ப்பக்கம் மாணவிகளோடு நின்று ஆடிக்கொண்டிருந்தாள். கால் வலிக்குமே என்று பயந்தேன். பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன். அந்தப் பெரிய இடத்தில் எனக்கு இப்படி ஒரு சாயங்காலம் இருந்ததா? நினைவில்லை.

பிப்ரவரி 20

முட்டி நன்றாக ஆறிவிட்டதாம். ஒழுங்காக உடற்பயிற்சி செய்தால் வாரம் ஒருமுறை பார்ப்பதே போதும் என்கிறார் மருத்துவர். என் பெரிய வாதம் போயிற்று.

ஏப்ரல் 17

எந்தக் கல்லூரி என்று ஒடெசா அறிவிக்கும் நாள். பள்ளியில் வழக்கம்போல் மேசைமேல் இரண்டு கல்லூரிகளின் தொப்பிகள், சுற்றிலும் கேமராக்கள். ஒடெசா தொப்பிகளை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்பதுபோல் தலையசைத்தேன். ப்ளூம்ஃபோர்ட்டின் ஊதாவை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

என் தம்பி ரேமண்ட் காதோரம், "பிளேன்ல போக வேண்டிய புள்ளைய பஸ்ல ஏத்திட்டியேக்கா" என்றான். ஒடெசாவைப் படம் எடுக்க முன்னால் போனேன்.

நவம்பர் 30

வெளியூர் ஆட்டத்துக்குப் போன ஒடெசாவின் அணிப் பேருந்து நடுவழியில் நின்றுவிட்டதாம். போனில் முட்டி எப்படி என்று கேட்டேன். "நல்லாருக்கும்மா. பாடிக்கிட்டிருக்கோம், அப்புறம் பேசறேன்."

ஜனவரி 25

தோற்றோம். ஒடெசா கடைசிப் பந்தைத் தவறவிட்டாள். வாளி இன்னும் அதே மூலையில்.

இடைவேளையில் என் முன்வரிசையில் நல்ல கோட்டு அணிந்த ஒரு பெண் கைப்பையோடு எழுந்தாள். பக்கத்தில் அவள் மகள், உட்கார்ந்திருந்தும் எல்லோரையும்விட ஒரு தலை உயரம். ஒடெசா சொல்லியிருந்தாள்: நாடு முழுக்கப் பெரிய பல்கலைக்கழகங்கள் துரத்தும் பெண், இங்கே பார்க்க மட்டும் வருகிறாளாம்.

அந்தத் தாயின் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "ஒக்காருங்க. பாப்கார்ன் எங்கயும் போயிடாது."

சந்தேகமாகப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். முரசு தொடங்குமுன் என் பக்கம் சாய்ந்தாள். "உங்க பொண்ணு இங்க ஆடுதா? டாக்டர் வசதியெல்லாம் எப்படி?"

"இவங்க வாசிச்சு முடிக்கட்டும்," என்றேன். "உள்ளத உள்ளபடி சொல்றேன்."