பத்தாவது படம்

ஜூன் 4, செவ்வாய்

கட்டுரையை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். தில்லைநாதன் சேர் ஆய்வுகூட வாசலில் நின்றே சத்தம்போட்டுச் சொன்னார். இரத்மலானையிலிருந்து வெள்ளவத்தை வரை பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தேன். அப்பா லட்டு வாங்கி மேல்மாடி வீட்டுக்கும் கொடுத்துவிட்டார். "என்ர மகள் கண்ணுக்குத் தெரியாத ஓட்டையளைப் படம் பிடிச்சவள்" என்று பெருமை வேறு.

களிமண்ணிலிருந்து நாங்கள் செய்த சியோலைற்று, உள்ளெல்லாம் துளையான பளிங்கு. இலத்திரன் நுணுக்குக்காட்டியில், அதாவது எலெக்ட்ரோன் மைக்கிரஸ்கோப்பில், அந்தத் துளைகள் வழக்கத்தைவிட மூன்று மடங்கு பெரிதாகத் தெரிந்தன. அதுதான் கட்டுரை. அதை நம்பித்தான் டில்ஷானி எட்டு மாதமாகக் கிணற்றுநீர் வடிகட்டி செய்கிறாள், தன் எம்.பில். பட்டத்துக்கு.

ஜூன் 9, ஞாயிறு

யாரும் வாழ்த்தினால் எரிச்சல் வருகிறது.

ஜூன் 11, செவ்வாய்

வடிகட்டி இன்றும் தோற்றது. "பெரிய மூலக்கூறு உள்ளுக்குப் போகவே மாட்டேங்குது சுபோ அக்கா. நான் என்ன பிழை விடுறேன்?" என்றாள் டில்ஷானி. கழுவிய குப்பியையே திரும்பக் கழுவிக்கொண்டு நின்றாள். "பொறுமையாச் செய்" என்றேன். எப்பிடி வாய் வந்தது எனக்கு?

சரி, இங்கேயாவது எழுதுகிறேன். இலத்திரன் கற்றை பட்டால் இந்தப் பளிங்கு பழுதாகும். அதனால் பக்கத்துப் பளிங்கில் குவியம் சரிபார்த்துவிட்டு, கற்றை படாத பளிங்குக்கு நகர்ந்து ஒரே ஒரு படம் எடுக்க வேண்டும். முதல் வாரத்தில் படிக்கிற பாடம். கட்டுரைக்குப் படம் எடுத்த அன்றைக்கு இயந்திரத்தில் எனக்கு அரை மணித்தியாலம்தான் மிச்சம், அடுத்த முறை மூன்று வாரம் கழித்து. அவசரத்தில் நல்ல பளிங்கிலேயே குவியம் பிடித்துப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தேன். பத்தாவதில் பெரிய துளைகள். துள்ளிக் குதித்தேன்.

இரண்டு கிழமை கழித்து முதல் படத்தைத் திறந்தேன். சின்னத் துளைகள், எல்லாரும் காண்கிற அளவு. பெரியதெல்லாம் கற்றையால் நான் சுட்ட ஓட்டை.

அதுவரை பிழை. பிறகு அந்த ஒன்பது படங்களையும் வேறு கோப்புறையில் போட்டு மறைத்தேனே, அது பிழையா? களவு. வெக்கங்கெட்டவள் நான்.

ஜூன் 14, வெள்ளி

சேரிடம் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "பிள்ளை, இந்தக் கட்டுரையோட உம்மட நிரந்தர நியமனம் சரி" என்றார். "ஓம் சேர், நன்றி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சீ!

ஜூன் 18, செவ்வாய்

டில்ஷானி விலகப்போகிறாளாம். ஒருகொடவத்தையில் ஒரு கொள்கலன் கம்பனியில் கிளார்க் வேலை இருக்கிறதாம். "படிப்புக்கு எனக்கு மூளை காணாதுக்கா. அம்மாட்டயும் சொல்லிட்டேன்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை.

கதிரையை இழுத்துப்போட்டு அவளை இருத்தினேன். பத்துப் படத்தையும் வரிசையாகத் திறந்தேன். சொன்னேன். எல்லாம் சொன்னேன்.

ஒன்றிலிருந்து பத்துவரை இரண்டு தரம் பார்த்தாள். கத்தவில்லை. "நான் ஒவ்வொரு நாளும் உங்கள்ட்டதானேக்கா வந்து கேட்டேன், என்ன பிழை விடுறேன்னு" என்றாள்.

பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஜூன் 20, வியாழன்

நேற்றுச் சேரிடமும் எல்லாம் சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் இன்று அவரும் ஒப்பமிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை. நியமனம் இல்லை, ஒப்பந்தம் டிசம்பருடன் சரி.

"பிழை ஆரும் விடுறதுதானே பிள்ளை" என்றார் அப்பா.

"பிழையில்லை அப்பா. நான் ஒளிச்சனான்."

அவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூலை 16, செவ்வாய்

டில்ஷானி விலகவில்லை. சிறிய மூலக்கூறுகளுக்கென்று வடிகட்டியை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறாள். இன்று இயந்திரத்தில் அவள் இருந்தாள், நான் பக்கத்தில் பதிவேட்டுடன். பக்கத்துப் பளிங்கில் குவியம் பிடித்தாள், நகர்ந்தாள், ஒரே படம். துளைகள் சின்னதாய், சுத்தமாய், ஒழுங்காய்.

"நல்லா வந்திருக்கு டில்ஷானி" என்றேன்.

"தேங்க்யூ மிஸ்" என்றாள். "நேரத்த எழுதிக்கொள்ளுங்க, மிஸ்."

எழுதினேன்.