அஞ்சு போட்டுக்கோங்க

பிப். 2, திங்கள்

காலைக் குளிர் போய்விட்டது. ஒன்பது மணிக்கே வெயில் சுள்ளென்று. குடை, தண்ணீர், பதில்களைப் பதிய கம்பெனி கொடுத்த டேப்.

புது சர்வே. எந்த ஊர்க்காரர்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள், ஏன் என்று நாடு நாடாகக் கேட்கிறார்களாம். சென்னையில் கேட்க நானும் இன்னும் சிலரும். ஓர் ஏணிப் படம் காட்ட வேண்டும். மேல்படி பத்து, அடியில் பூஜ்யம். "உங்க வாழ்க்கை இப்ப எந்தப் படியில இருக்கு?" கேள்வி அவ்வளவுதான்.

தி. நகர் பட்டுக்கடை முதலாளி. திருநெல்வேலிப் பக்கம். மூன்று மாடிக் கடை, உள்ளே நுழைய முடியாத கூட்டம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "என்னத்தச் சொல்ல, ஏதோ ஓடுது. அஞ்சு போட்டுக்கோங்க." அவர் தலைக்கு மேலே திருஷ்டிப் பூசணிக்காய் நாக்கை நீட்டிக்கொண்டு தொங்கியது.

மயிலாப்பூர் மாமி. பிள்ளை, மாட்டுப்பெண், பேரன்கள் எல்லாரும் ஒரே வீட்டில். எட்டாம் படியில் விரலை வைத்தார். சுட்டதுபோல் எடுத்தார். "வேண்டாம்மா. ஆத்துல எல்லாரும் நன்னா இருக்கோம்னு சொல்லிண்டு திரியப்படாது. யார் கண்ணு எப்படியோ. அஞ்சு போட்டுக்கோங்கோ."

மாலையில் சுமதியிடம் சொன்னேன். எதிர் வீடு. மந்தைவெளியில் இந்த அபார்ட்மெண்டுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரே மாதம் குடிவந்தோம். என் வீட்டுச் சாவி அவளிடம், அவளுடையது என்னிடம். விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் வழக்கமான புலம்பல். முட்டிவலி. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை. கடைசியில் மகள் நித்யா. "இத்தன வருஷம் ஆச்சு, அவ வயித்துல ஒண்ணும் தங்கலயேடி வசு."

நித்யாவுக்காகக் கோயிலில் போடும் வெள்ளிக்கிழமை விளக்குக்கு எலுமிச்சம்பழம் வாங்க வேண்டும். கேஸ் புக் பண்ண வேண்டும்.

பிப். 3, செவ்வாய்

பாலவாக்கம். செருப்புக்குள் மணல். மீன் விற்கும் அம்மா ஏணிப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாமே கேள்வி இது? நான் சந்தோசமா கீறேன்னு வாயத் தொறந்து சொல்லிட்டு, நாளைக்கு கடலுக்குப் போன மனுசன் ஒயுங்கா திரும்பி வரணும்ல? அஞ்சு போட்டுக்கோ, போ." வஞ்சிரம் மட்டும் விலை குறைக்கவில்லை.

சூப்பர்வைசர் பிரபு போன். "எல்லாமே அஞ்சு அஞ்சா வருதே மேடம். வீட்ல உக்காந்து போடறீங்களா?" திமிர். என் வயதில் பாதி. விளக்கினேன்: தம்பி, இந்த ஊரில் கஷ்டத்தை வாசலிலேயே சொல்லிவிடுவார்கள், நல்லதை மட்டும் மூச்சு விடமாட்டார்கள். கண் பட்டுவிடும். "அதுக்கு டேப்ல ஆப்ஷன் இல்லயே மேடம்."

சில நாடுகளில் கேட்ட உடனே எட்டு என்கிறார்களாம். பணத்தால் மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. பட்டுக்கடைக்காரரிடம் இல்லாத பணமா. நாம் நன்றாயிருப்பது தெரிந்தால் பக்கத்து வீட்டுக்காரன் வயிறெரிய மாட்டான் என்று ஒரு தைரியம் வேண்டும். இங்கே அது கிடையாது. ஆனால் எனக்கு உண்டு. எனக்கு சுமதி இருக்கிறாள். என்னை யாராவது கேட்டால் எட்டு என்பேன். கேட்பவர்தான் இல்லை.

நித்யா போன் செய்து வெகுநாள் ஆகிறது. சு.விடம் கேட்டால் "ஆபீஸ்ல வேல கழுத்த நெரிக்குதாம்" என்கிறாள். பாவம் பெண்.

பிப். 5, வியாழன்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

வடபழனி. கோயில் பக்கத்துத் தெரு. நடந்து நடந்து கால் கடுத்து ஒரு சின்ன மண்டபத்து நிழலில் ஒதுங்கினேன். வாசலில் பேனர். பட்டுப்புடவை, கை நிறைய வளையல், மேடிட்ட வயிறு. நித்யா. கீழே "வளைகாப்பு விழா".

வேறு நித்யா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன். அவள் பெரியவளானதே என் வீட்டு பாத்ரூமில்தான். சு. ஆபீஸிலிருந்து வரும்வரை ஸ்கூல் விட்டுத் தினமும் என் சமையலறையில்தான் கிடப்பாள். அந்த மூக்கை எனக்கா தெரியாது?

எங்கள் கீழ்வீட்டுக் கமலா தாம்பூலப் பையோடு வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் வெளிறிவிட்டாள். "ஐயோ வசந்திக்கா. நீங்க எப்படி... சுமதிக்காதான் உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு..." பாதியில் நிறுத்தினாள். ஆக, அபார்ட்மெண்ட் முழுக்கத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது.

உள்ளிருந்து பாட்டுச் சத்தம், சிரிப்பு. புளியோதரை வாசனை. நான் உள்ளே போகவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை எங்கே எங்கே என்று கேட்டபிறகுதான் டிக்கெட் வாங்கினேன்.

ஏழாம் மாதம். திங்கட்கிழமைகூட "ஒண்ணும் தங்கலயே" என்று மூக்கைச் சிந்தினாளே!

பிப். 6, வெள்ளி

விளக்குப் போடப் போகவில்லை. வேலைக்கும் போகவில்லை.

பதினொரு மணிக்கு சு. வந்தாள். கமலா சொல்லியிருப்பாள். கையில் ஒரு டப்பா நிறையக் கலந்த சாதம், ஒரு டஜன் கண்ணாடி வளையல். டேபிள்மேல் வைத்துவிட்டு உட்காராமலே நின்றாள்.

"இன்னிக்கு நித்யாவ இங்க கூட்டிட்டு வரோம். அப்ப உன்கிட்ட சொல்லிக்கலாம்னு இருந்தேன் வசு."

"நான் கண்ணு போட்டுடுவேன்னு நெனச்சியா?"

"உனக்குக் கெட்ட மனசுன்னு நான் சொல்வேனாடி? ஏக்கம்னு ஒண்ணு இருக்குல்ல. அது உனக்கே தெரியாம வரும்." பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "போன தடவ மொதமொதல்ல உன்கிட்டதான் சொன்னேன். நிக்கலயே."

எனக்குப் பிள்ளை இல்லை. அதைச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் விட்டுப் போனார். அவர் சொன்னது, மாமியார் சொன்னது, கல்யாண வீடுகளில் தாம்பாளத்தை என்னைத் தாண்டி நீட்டினவர்கள் சொன்னது எல்லாம் பழகிவிட்டது. இவள் வாயிலிருந்து வரும் என்று நினைக்கவில்லை. அந்த முதல் கரு கலைந்தபோது ஆஸ்பத்திரியில் நித்யாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது யார்? ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்று இவள் வராந்தாவில் இருந்தாள். நான்தான் துணி மாற்றினேன்.

கேட்டேன். "அப்ப வாராவாரம் அவளுக்குக் குழந்த பொறக்கணும்னு வெளக்கு ஏத்தினேனே. தெரிஞ்சுகிட்டே ஏன்டி சும்மா இருந்த?"

"ஏத்தறது நல்லதுதானேன்னு விட்டுட்டேன்."

என் விளக்கு வேண்டும். என் கண் வேண்டாம்.

கதவைச் சாத்தினேன். அழுதேன், எழுதுவதில் என்ன வெட்கம். அவள் சாவியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். இன்று முடியவில்லை.

பிப். 7, சனி

பிரபு போன். அடையாறில் இன்னும் சில வீடுகள் பாக்கி. சரி என்றேன்.

சாதத்தைக் காக்கைக்குப் போட்டேன். எலுமிச்சையும் தேங்காயும் கலந்தது. நன்றாகத்தான் இருந்தது, ஒரு வாய் தின்றுவிட்டேன். மானம் கெட்ட நாக்கு.

பிப். 9, திங்கள்

மேகமூட்டம், புழுக்கம். அடைக்கு அரைத்து வைத்தேன்.

சாயங்காலம் காலிங்பெல். நித்யா. செருப்புகூட இல்லாமல், இரண்டு கையும் வளையல் குலுங்க. "வசும்மா" என்றாள். அதற்குமேல் கோபமாவது ஒன்றாவது.

"உன்கிட்ட போன் பேசினா வாய் தவறி ஒளறிடுவேன்மா. அதான் பேசவேயில்ல. அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டே இரண்டு அடை தின்றாள். மூன்றாவது கேட்டாள். வெல்லம் வைத்துக் கொடுத்தேன். பிறகு என் கையை இழுத்து வயிற்றில் வைத்துக்கொண்டாள். நான் எடுக்கப் பார்த்தேன். விடவில்லை.

உதைத்தது. சின்ன முழங்கையோ குதிகாலோ, என் உள்ளங்கையில் சரியாக. எனக்கு ஏக்கம் இருந்ததா? இருந்தது. பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உதை எத்தனை பெரிய சந்தோஷம். அது நல்லபடியாக வந்து என் சமையலறையில் பாத்திரத்தை உருட்ட வேண்டும் என்று மட்டும்தான் வேண்டினேன்.

அவள் போய்க் கதவு சாத்தின கையோடு எதிர் வீட்டில் சு. குரல். அடக்கித்தான் பேசினாள், எனக்குக் கேட்டது.

"எதுக்குடி அங்க போன? அப்படியே கெழக்க பாத்து நில்லு."

"அம்மா, ப்ளீஸ்மா."

"ஊரு கண்ணு, ஒறவு கண்ணு, எதிர் வீட்டுக் கண்ணு..."

மிளகாயும் உப்பும் சுற்றுகிறாள். நெருப்பில் போட்டால், திருஷ்டி இல்லையென்றால் மிளகாய் நெடியில் தொண்டை கமறும். திருஷ்டி இருந்தால் நெடியே வராது. இதெல்லாம் மூட நம்பிக்கை, எனக்குத் தெரியாதா. தெரிந்தும் என் கதவிடுக்கில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றேன். உப்பு படபடவென்று வெடித்தது. இருமல் வரட்டும், ஒரே ஓர் இருமல், அவள் காதில் விழும்படி.

வரவில்லை. இழுத்து இழுத்து மூச்சு விட்டேன்.

சு. சொன்னாள்: "பாத்தியா? நெடியே இல்ல."