பின்னாடி ரூம் மேலே ஒரு பச்சை

ஜூன் 1, ஞாயிறு

வெயில். காலைலயே முதுகு எரியுது. பின்னாடி ரூம் தளத்து மேல ஏறி சுத்தம் பண்ணேன். இறக்கினது: கால் உடைஞ்ச நாற்காலி, காய்ஞ்ச பெயிண்ட் டப்பா, அடி இல்லாத குடம், செத்த காக்கா, பொண்ணு மலரோட ஸ்கூல் ஷூ ஒத்தை. (அவ இப்ப திருச்சி காலேஜ் ஹாஸ்டல்ல. ஷூவைத் தூக்கிப் போட மனசு வரல.)

காரணம் பு., என் பொண்டாட்டி. நேத்து குவைத்திலேர்ந்து போன்ல: "இங்க ஜன்னலத் தொறந்தா மண்ணு, வெள்ளை மாடி, திரும்ப மண்ணு. பச்சையா எதையாச்சும் பாத்து எவ்ளோ நாளாச்சு தெரியுமாங்க?" நான் "ம்"னேன். அவ்ளோதான். அங்க நர்ஸ் வேலை; ஆஸ்பத்திரில கூப்பிட்டாங்க, வெச்சிட்டா.

அப்பறம்தான் யோசிச்சேன். எங்க மாடி பெட்ரூம் ஜன்னலத் தொறந்தா மட்டும் இன்னா இருக்கு? பின்னாடி ரூமோட சாம்பல் தளம். கல்யாணம் ஆனதுலேர்ந்து அதைத்தான் பாத்துகினு இருந்தா. மோட்டாரும் சைக்கிளும் வெக்கிற ரூம், அதுக்கு மேல குப்பை.

போய் ரெண்டு வருஷம் ஆச்சு. செப்டம்பர்ல லீவு. அதுக்குள்ள அந்தத் தளத்து மேல செடி வளரணும். சொல்லக் கூடாது. வந்து ஜன்னலத் தொறக்கணும், அப்பதான் தெரியணும்.

ஜூன் 3, செவ்வாய்

ஹார்பர் கேட் கியூ. முன்னாடி கன்டெய்னர், பின்னாடி கன்டெய்னர். என் டிரெய்லர் காலைலேர்ந்து ஒரு பஸ் ஸ்டாப் தூரம்தான் நகர்ந்துச்சு. கேபின்ல உக்காந்து எழுதறேன்.

போன்ல வீடியோ பாத்தேன். மொதல்ல தண்ணி இறங்காத பூச்சு, அப்பறம் தார்ப்பாய், ஜல்லி, துணி, மேல லேசான மண்ணு. சுலபமா காட்றாங்க. வெளிநாட்டு ஆளுங்க, வேர்வையே இல்ல.

மூர்த்திக்குப் போன் போட்டேன். கொத்தனார், ஸ்கூல் தோஸ்து.

"இன்னா மாமு, பூமில எடம் இல்லியா? தளத்து மேல மண்ண கொட்றேன்ற. மழைல ஊறுனா கனம் ஏறும். அரை அடிக்கு மேல போடாத. தண்ணி ஓட வழி வுடு."

"சரி."

"யாருக்கு இதெல்லாம்?"

"சும்மா."

"தங்கச்சி வருதா?" பு.வைச் சொல்றான், சிரிக்கிறான். வெச்சிட்டேன்.

ஜூன் 8, ஞாயிறு

பூச்சு ரெண்டு கோட்டிங் ஆச்சு. சுத்தி ஒரு செங்கல் உயரம் வரப்பு. மூலைல ஓட்டை போட்டு பைப். மூர்த்தி வந்து பாதி வேலை, பாதி கிண்டல். மத்தியானம் ரெண்டு பேரும் மீன் குழம்பு. பு. கைல சாப்ட்ட மாதிரி இல்லன்னான். எனக்குத் தெரியாதா?

ஜூன் 15, ஞாயிறு

தார்ப்பாய் விரிச்சு மண்ணு ஏத்தினேன். செம்மண்ணு, தேங்கா நார்த்தூள், எரு. வாளி வாளியா ஏணில. தோள்பட்டை காலி.

பக்கத்து வீட்டு பத்மாக்கா மதில் மேல முகத்தை வெச்சு: "இன்னா நைனா, வூட்டு மேல வூடு கட்றியா?"

"செடி வெக்கப் போறேன்க்கா."

"இந்த உப்புக் காத்துல ரோஜா வெச்சியானா ஒரே வாரம்தான், கருவிப்பூடும். பீச்சாண்ட அடப்பங்கொடி படந்து கீது பாரு, அத்தக் கொண்டாந்து போடு. அது இன்னா வந்தாலும் சாவாது." மீன் கூடையோட கெளம்பிடுச்சு.

பு. போன். சாப்ட்டியா, சாப்ட்டேன். நீ? ஆச்சு. டூட்டி மாத்திட்டாங்களாம். வேற? வேற ஒண்ணுமில்ல. அவ வெச்சப்பறம்தான் எனக்குப் பேச்சே வருது. வெறும் போனைக் கைல வெச்சுகினு நிக்கறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எர்ணாவூர் பீச்சுலேர்ந்து அடப்பங்கொடி, ஈர சாக்குல சுத்தி. கூட பருப்புக்கீரை, டேபிள் ரோஸ் குச்சி. எல்லாம் நட்டாச்சு.

மாடி ஜன்னல்லேர்ந்து பாத்தேன். வழுக்கைத் தலைல ஒட்ட வெச்ச முடி மாதிரி இருக்கு. கீழேர்ந்து பாத்தா ஒண்ணுமே தெரியல. மேல நிக்கறவங்களுக்கு மட்டும்தான் இந்தத் தோட்டம். மேல நிக்க இப்ப நான் மட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

மாட்டிக்கிட்டேன். தண்ணி ஊத்தறப்ப வீடியோ கால். பழக்கத்துல எடுத்துட்டேன்.

"ஏங்க, பின்னாடி என்ன அது? போனைத் திருப்புங்க."

திருப்பினேன். கொடி நல்லாவே ஓடியிருக்கு, டேபிள் ரோஸ்ல நாலஞ்சு பூ, ராணி கலர்ல. அவ போனை மூஞ்சிகிட்ட கொண்டாந்தா.

"எனக்காகவா?"

"சும்மாதான். ரூம்ல சூடு கொறையும்னாங்க."

ஏன் அப்படிச் சொன்னேன்? ஆமான்னா வாய் வெந்துடுமா?

ஜூலை 19, சனி

இப்ப தினம் போன் பண்றா. எடுத்ததும்: "உங்க மூஞ்சிய அப்பறம் பாக்கறேன், கூரையைக் காட்டுங்க." ரூம்ல கூட இருக்கற கேரளாக்காரப் பொண்ணும் எட்டிப் பாக்குது. புதுசா எது துளிர்த்துது, எது வாடுது, எல்லாக் கேள்வியும் செடியப் பத்தி.

இங்க காத்துல வர்ற கரித்தூள் இலை மேல படியுது. அவ போன் வர்றதுக்கு முன்னாடி தண்ணி அடிச்சுக் கழுவி வெக்கறேன், புள்ளைய ஸ்கூலுக்குக் கெளப்பற மாதிரி.

கூரை மேல பொறாமையா இருக்குன்னு எழுதினா யாராச்சும் சிரிப்பாங்க. யாரும் படிக்கப் போறதில்ல, எழுதறேன். பொறாமையாத்தான் இருக்கு.

ஒரு லாபம். அவ செடியப் பாக்கறா, நான் அவளப் பாக்கறேன். கழுத்தெலும்பு தெரியுது. கண்ணுக்குக் கீழ கறுப்பு. காதுல தோடு இல்ல, ஓட்டை மூடாம இருக்க ஒரு குச்சி. நான் பாக்கறது அவளுக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 2, சனி

லீவு இல்லையாம். ரெண்டு நர்ஸ் நின்னுட்டாங்க, ஆள் இல்ல. டிசம்பர்ல பாக்கலாம்னுட்டாங்களாம். வார்டு கணக்கு சொல்ற மாதிரி சொன்னா.

"சரி"ன்னேன்.

"சரியா?"

"வேற என்ன பண்றது?"

"ஆமா. வேற என்ன பண்றது." வெச்சிட்டா. கூரையைக் காட்டச் சொல்லல.

ஆகஸ்ட் 7, வியாழன்

மேல ஏறல. நாலஞ்சு நாளா தண்ணி ஊத்தல. பெட்ரூம் ஜன்னலும் சாத்திக் கெடக்கு.

இன்னிக்கு வண்டி விட்டு வந்தா பத்மாக்கா அவங்க வீட்டு ஹோஸை மதில் மேல நீட்டி என் கூரைக்குப் பீச்சிகினு இருக்கு. "பொண்டாட்டி மேல கோவம்னா செடி இன்னா பண்ணும் நைனா?"

"கோவம்லாம் இல்லக்கா."

"பின்ன இன்னா?"

ஹோஸை வாங்கிக்கினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

எழுதிடணும்.

சாயங்காலம் பேய் மழை. டோல்கேட்லேர்ந்தே ரோடெல்லாம் தண்ணி. வீட்டுக்கு வந்து பின்னாடி ரூம் கதவைத் தொறந்தா தளத்து மூலைல ஈரம் பூத்து சொட்டுது. மூர்த்தி சொன்ன கனம் ஞாபகம் வந்துச்சு. ஏணி போட்டு ஏறினேன். வரப்பு வரைக்கும் தண்ணி, குளம் மாதிரி. பைப் வாயை நார்த்தூள் அடைச்சிருக்கு. மண்ணுக்குள்ள மணிக்கட்டு தாண்டி கைய விட்டுத் தோண்டினேன். வரல. கடைசில செங்கல் வரப்பையே ஒரு பக்கம் ஒதைச்சு உடைச்சேன். தண்ணி, மண்ணு, டேபிள் ரோஸ் எல்லாம் சேந்து மடமடன்னு கீழ போச்சு. ரெண்டு மாச வேலை. அடப்பங்கொடி மட்டும் தார்ப்பாயைக் கெட்டியாப் புடிச்சுகினு இருந்துச்சு.

சேத்துல அப்படியே உக்காந்துட்டேன். மழை விடல. சட்டைக்குள்ள மறைச்சு வெச்சிருந்த போனை எடுத்து அவளுக்குப் போட்டேன். டூட்டி நேரம். நானாப் போட்டதே இல்ல.

"என்னங்க? மலருக்கு ஏதாவதா?" குரல் பதறுது.

"அவ நல்லாருக்கா. புவி, வந்துடுடி."

"என்ன?"

"எப்படியாச்சும் வா. என்னால முடியல."

அப்பறம் மெதுவா: "நீங்க ஒரு தடவைகூட வான்னு சொன்னதில்லையே. நான் இல்லாம நல்லாத்தான் இருக்கீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்."

"சொன்னா அழுதுடுவேன்னுதான்."

"நான் அழ மாட்டேங்க."

"நீ இல்ல. நான்."

அழுதேன். நல்லவேளை, மழை. பத்மாக்கா வீட்டு ஜன்னல் சாத்தியிருந்துச்சு.

ஆகஸ்ட் 18, திங்கள்

பு. பெரிய நர்ஸ்கிட்ட நேராப் போய் நின்னுட்டாளாம். லீவு குடுங்க, இல்லன்னா பேப்பர் போட்டுடறேன்னு. "ஒரே மூச்சுல சொல்லிட்டேங்க." இருபது நாள் குடுத்துட்டாங்க. செப்டம்பர் மொத வாரம்.

வண்டில பாட்டுப் போட்டேன். ஹார்பர் கியூல போறவன் வர்றவன் எல்லாம் பாக்கறான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மூர்த்தி வந்தான். பைப் வாய்ல வலை, சுத்தி ஜல்லி. இன்னொரு மூலைலயும் ஒரு பைப். வரப்பு கட்டியாச்சு. மண்ணு முன்ன விடக் கம்மியா. புதுக் குச்சிக்கு நேரமில்ல, அடப்பங்கொடியையே வெட்டி வெட்டி ஊணியிருக்கேன்.

மூர்த்தி கிண்டல் பண்ணல. போறப்ப: "நல்லாக்கீது மாமு."

செப்டம்பர் 5, வெள்ளி

வந்துட்டா.

ஏர்போர்ட்ல பெட்டிய வாங்கிக்கினேன். "இளைச்சிட்ட"ன்னேன். "நீங்க மட்டும்?"னா. வாடகைக் கார்ல ரோட்டையே பாத்துகினு வந்தவ பேசின் பிரிட்ஜ் வர்றதுக்குள்ள தோள்ல சாஞ்சு தூங்கிட்டா. தோளை அசைக்காம எர்ணாவூர் வரைக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்கு ஓடி ஜன்னலத் தொறந்தா. நான் பின்னாடி நிக்கறேன், பரீட்சை ரிசல்ட்டு மாதிரி.

"இவ்ளோதானா? போன்ல பெருசாத் தெரிஞ்சுது."

சொல்லிட்டு அங்கேயே நின்னா. போட்டு வெச்ச டீ ஆறிப் போச்சு. அப்பவும் நகரல.

செப்டம்பர் 7, ஞாயிறு

வீடு நிறைய ஆளு. நேத்து அவ அண்ணன் குடும்பம், இன்னிக்குக் காலைல சித்தி வீட்டு ஆளுங்க. சாக்லேட்டு, சோப்பு, சென்ட்டு. குவைத்ல தங்கம் எப்படி, வெயில் எப்படி. எல்லாருக்கும் சிரிச்சு சிரிச்சு பதில். மலருக்குப் பரீட்சை, அடுத்த வாரம்தான் வருது. தனியா எங்கிட்ட இன்னும் பத்து வார்த்தை பேசல. இருபது நாள்ல ரெண்டு போச்சு.

மத்தியானம் எல்லாரும் போனதும் பாயை எடுத்துகினு பின்னாடி ரூமுக்குப் போனா. மாடி கொதிக்குது, அங்க இல்ல. மண்ணும் கொடியும் வெயிலைத் தாங்கிக்குது. "மரத்தடி மாதிரி இருக்குங்க"ன்னு சொல்லிகினே படுத்தா. படுத்ததும் தூங்கிட்டா, வாய் லேசாத் தொறந்து.

நான் வாசப்படில. சொல்ல வெச்சிருந்தது: மலர் மொத தடவை ஹாஸ்டல் போறப்ப திரும்பிப் பாக்காமப் போனது. எனக்கு ஜுரம் வந்து யாருக்கும் சொல்லாதது. அவ புடவை ஒண்ணு இன்னும் கொடிக் கயித்துலயே தொங்கறது, எடுக்க மனசில்லாம. எதுக்கும் அவசரமில்ல. தூங்கட்டும்.

கேட் சத்தம். அவ பெரியம்மா, கூட ரெண்டு பேர்.

"புவனா எங்கப்பா?"

"வெளிய போயிருக்கா பெரியம்மா. வர லேட்டாகும்."

"செருப்பு கெடக்குது?"

"வேற செருப்பு போட்டுகினு போனா."

நம்பல. ஆனா போய்ட்டாங்க. கேட்டைப் பூட்டிட்டு வந்து உக்காந்தேன்.

உள்ளேர்ந்து: "யாருங்க?"

"யாருமில்ல. தூங்கு."

"பெரியம்மா குரல் மாதிரி இருந்துச்சு."

"இல்ல."

சிரிக்கிறா. ரெண்டு வருஷம் கழிச்சு எனக்குன்னு, போன் வழியா இல்லாத சிரிப்பு.

"என்ன எழுதறீங்க அங்க? உள்ள வாங்க. கதவச் சாத்திட்டு வாங்க."

நோட்டை மூடறேன்.