இருநூறு பவுண்டும் ஒரு விரதமும்

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
12.8.1957

அன்புள்ள பாஞ்சாலிக்கு, கணவன் கோவிந்தன் எழுதுவது. நான் சுகம். தங்கவயலில் நீயும் அத்தை, மாமாவும் சுகம்தானே?

உன்னை அம்மா வீட்டில் விட்டு வந்து ஒரு மாதமாகிறது. கோபம் தணிந்திருக்கும் என்று நினைக்கிறேன். பிப்ரவரியில் எடை தூக்கும் போட்டி முடியும்வரை பெண்டாட்டியைப் பிரிந்திருக்க வேண்டும் என்பது கிருஷ்ணப்பா வாத்தியார் வைத்த விரதம். அவர் பேச்சை நான் மீறமுடியாது.

விடியற்காலை ஐந்நூறு பஸ்கி, இருநூறு தண்டால். ஃபாக்டரி விட்டு வந்ததும் இரும்பு. ஞாயிறுகூட ஓய்வில்லை. வாத்தியார் சொல்கிறார், "ஒரு நாள் விட்டா ஒரு மாசம் போச்சுடா." கை பதினாலரை அங்குலம் ஆகிவிட்டது. இருநூறு பவுண்டைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு உன்னை வந்து அழைத்துப்போவேன்.

அன்புடன்,
கோவிந்தன்


தங்கவயல்
19.8.1957

அன்புள்ள மாமாவுக்கு, பாஞ்சாலி வணக்கத்துடன் எழுதுவது. எல்லோரும் நலம். என் கோபமும் நலம்.

உங்களுக்கு விரதம், எனக்குத்தான் தண்டனை. குழாயடிக்குப் போனால், "என்னாடி, புருஷன் தொரத்திட்டானா?" என்று கேட்கிறார்கள். "இல்லக்கா, அவரு பலசாலி ஆகுறாரு" என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

உங்களோடு வேலை பார்க்கும் கிளாரன்ஸ் அண்ணனும் அதே போட்டிக்குத்தானே போகிறார்? அவர் பெண்டாட்டி, பிள்ளைகளோடுதான் இருக்கிறார். இப்போதே இருநூறு தூக்குகிறார் என்று நீங்களே சொன்னீர்கள். அவருக்கு மட்டும் பலம் எங்கிருந்து வருகிறது? வாத்தியாரைக் கேட்டு எழுதுங்கள்.

முட்டை சாப்பிடுங்கள். வெறும் ஊறவைத்த கடலை போதாது.

உங்கள்,
பாஞ்சாலி


ஆஸ்டின் டவுன்
3.11.1957

அன்புள்ள பாஞ்சாலிக்கு,

கிளாரன்ஸ் ஒரு நாள் தூக்கினால் மறுநாள் சும்மா இருக்கிறான். ஏதோ வெள்ளைக்காரன் முறையாம். வாத்தியார் அதைச் சோம்பேறி முறை என்கிறார்.

தீபாவளிக்குத் தங்கவயல் வந்து இரண்டு நாள் உன்னோடு இருந்ததை வாத்தியாரிடம் மறைக்க முடியவில்லை. ஒரு வாரம் என் முகத்தையே பார்க்கவில்லை. பிறகு மன்னித்து, தினமும் நூறு பஸ்கி கூட்டிவிட்டார். போட்டி முடியும்வரை மனதைக் கலைக்கிற சேதி எதுவும் எனக்கு வரக்கூடாது என்கிறார். நான் எழுதும்வரை நீ எழுதாதே. எனக்காக இதைச் செய்.

கோவிந்தன்


ஆஸ்டின் டவுன்
10.2.1958

பாஞ்சாலிக்கு,

நேற்று தோற்றுப்போனேன். மூன்று தடவை முயன்றேன். இருநூறு பவுண்டு மார்புவரை வந்தது. அதற்கு மேல் கை நடுங்கிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலம் இதே எடையைப் பத்து தடவை தூக்கியவன் நான். ஜனங்கள் சிரித்தார்கள். கிளாரன்ஸ் இருநூற்றிருபது தூக்கினான்.

தீபாவளியன்று போன பலம்தான், திரும்பவே இல்லை என்கிறார் வாத்தியார். நீ அழுதிராவிட்டால் நான் அந்த இரண்டு நாள் தங்கியிருக்கமாட்டேன். நடந்தது நடந்துவிட்டது. அடுத்த வருடப் போட்டிவரை விரதத்தை நீட்டிக்கிறேன். நீ அங்கேயே இரு.

கோவிந்தன்


தங்கவயல்
13.2.1958

மாமாவுக்கு,

எழுதாதே என்றீர்கள், மூன்று மாதம் எழுதவில்லை. இனி அப்படி இருக்கமாட்டேன்.

நீங்கள் தோற்றது எனக்கும் வலிக்கிறது. ஜனங்கள் சிரித்தார்கள் என்று படித்து அழுதேன். ஆனால் பழியை என் தலையில் போட்டதும் அழுகை நின்றுவிட்டது.

சனிக்கிழமை பத்து தடவை தூக்கிய கை ஞாயிற்றுக்கிழமை நடுங்காமல் என்ன செய்யும்? அப்பாவுக்குச் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக்கொடுக்கிற கட்டைகளைச் சுமக்கிற வேலை. டபுள் ஷிஃப்ட் பார்த்த மறுநாள் அவர் கையில் டீ தம்ளர்கூட நிற்காது. ஒரு நாள் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும். அதற்காக அவர் அம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியதில்லை. ஏழு மாதமாக ஒரு நாள்கூட உடம்பை ஓயவிடாத உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள், பலம் எங்கே போயிற்று என்று.

நான் அழுதேன், உண்மைதான். தங்கியது நீங்கள். உங்களை யாரும் கட்டி வைக்கவில்லை.

தீபாவளியன்று உங்கள் பலம் போய்விட்டது என்றால், போன இடத்தைச் சொல்கிறேன். எனக்கு இது நான்காவது மாதம். ஆஸ்பத்திரி நர்சம்மா ஜனவரியிலேயே சொல்லிவிட்டார். உங்கள் மனது கலையக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அதற்குக் கிடைத்த பதில்தான் உங்கள் கடிதம்.

திங்கட்கிழமை காலை ரயிலில் வருகிறேன். நீங்கள் வேலைக்குப் போயிருப்பீர்கள். சாவியைப் பக்கத்து வீட்டுச் சின்னத்தாயி அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். இரும்பை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், தூக்கலாம், அடுத்த வருடம் ஜெயிக்கலாம். முட்டை நான் அவித்துத் தருகிறேன். விரதம்தான் வேண்டும் என்றால் இந்தத் தடவை நீங்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு வாத்தியார் வீட்டுக்குப் போங்கள். நான் வீட்டை விட்டுப் போவதாக இல்லை.

பாஞ்சாலி