துறைமுகத்தின் ஆழம்

ஸ்கார்விக், யார்க் சீமை
1584 அக்டோபர் 9

அன்புத் தம்பி லாரன்ஸுக்கு,

அக்கா வினிஃப்ரெட் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன், எந்த வார்த்தைகளில் வேண்டுகிறேன் என்பதை வெளியே சொல்ல முடியாவிட்டாலும்.

நீ கடிதம் போடுவதே அபூர்வம். அதிலும் பாதி லத்தீன். அக்காவுக்கு லத்தீன் வராது என்பது ரோமாபுரிக்குப் போனதும் மறந்துவிட்டதா?

கோடையில் அப்பா போய்விட்டார். கடைசி வாரம் முழுக்க, பழைய முறையில் ஜெபிக்க ஒரு குரு வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் எங்கே போவேன்? கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு நினைவிருந்ததைச் சொன்னேன். அடக்கம், போப்பாண்டவரை ஏற்காத ராணியின் சபை முறைப்படிதான் நடந்தது.

உன் அத்தான் ரால்ஃபை ஊர்க்காவலராக ஆக்கியிருக்கிறார்கள். அவருக்கு விருப்பமில்லை; மறுத்தால் ஏன் என்று கேட்பார்கள். ராணி ராணியே இல்லை, அவருக்குக் கீழ்ப்படிகிறவர்கள் திருச்சபைக்கு வெளியே என்று போப்பாண்டவர் ஆணை போட்டாரே, அதற்கு முன்னால் இந்த ஊரில் யாரும் யாரையும் துருவியதில்லை. இப்போது உப்பு வாங்க வருகிறவள்கூட என் முகத்தை ஒரு நொடி அதிகமாகப் பார்க்கிறாள்.

டச்சு உப்புக் கப்பல்காரர் யூஸ்டிடம் இதைக் கொடுக்கிறேன். நல்ல மனிதர். பதிலும் அவர் மூலமாகவே வரட்டும்.

உன் அக்கா
வினிஃப்ரெட்

---

ரோமாபுரி
1585 பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவுக்காகப் பூசை வைத்தேன். ஆம் அக்கா, எனக்குக் குருப்பட்டம் ஆகிவிட்டது. ஆனால் கேட்ட மனிதர் கடலுக்கு அப்பால் படுத்திருக்க, நான் இங்கே பளிங்குத் தூண்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். ஊருக்கு அனுப்பும்படி மேலிடத்தில் கேட்டிருக்கிறேன்.

இங்கே என்னிடம் மிகவும் பிரியமாக இருப்பவர் ஒருவர் உண்டு. நம் நாட்டுப் பெரிய குடும்பத்துக்காரர், நாட்டை விட்டு வந்து ஒரு கர்தினாலின் வீட்டில் தங்கியிருக்கிறார். குளிருக்கு மேலங்கி வாங்கித் தந்தவர் அவர்தான். நான் ஸ்கார்விக் ஊர்க்காரன் என்றதும் ஆவலாக விசாரித்தார். துறைமுகத்தின் வடக்கே இருந்த மணல்மேடு இன்னும் இருக்கிறதா? கடல் ஓதம் ஏறும்போது எவ்வளவு ஆழம்? வடக்குப் பாறைமேல் பீரங்கி வைத்திருக்கிறார்களா? நான் வந்த பிறகு மாறியிருக்கலாம், எழுது. நம் ஊர்மேல் ஒருவருக்கு இத்தனை அக்கறை இருப்பது மனதுக்கு இதமாக இருக்கிறது.

அத்தானுக்கு என் அன்பு.

உன் தம்பி
லாரன்ஸ்

---

ஸ்கார்விக்
1585 ஏப்ரல் 20

லாரன்ஸ்,

உன் கடிதத்தைப் படித்து அடுப்பில் போட்டுவிட்டேன்.

மணல்மேட்டை யாரடா விசாரிப்பார்கள்? இங்கே மீன் பிடிக்கிறவனுக்கு அது கேட்காமலே தெரியும். கேட்கிறவனிடம் நம் ஊரில் இதுவரை நுழையாத பெரிய கப்பல் இருக்கிறது என்று அர்த்தம். ஸ்பெயின் ராஜாவிடம் கப்பல் இருக்கிறது, போப்பாண்டவரிடம் ஆசீர்வாதம் இருக்கிறது, வழி மட்டும்தான் அவர்களிடம் இல்லை. இத்தனை படித்த உனக்கு இது தோன்றவில்லையா? என் வீட்டு வாசலில் இருந்து துறைக்கு எத்தனை தூரம் என்று உனக்குத் தெரியும். குண்டு விழும்போது எந்தக் கூரைக்கு அடியில் ஜெபமாலை இருக்கிறது என்று பார்த்தா விழும்?

நீ ஏதாவது சொன்னாயா? அதை மட்டும் எழுது.

இன்னொன்று. புதுச் சட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டில் குருப்பட்டம் வாங்கியவன் இந்த மண்ணில் கால் வைத்தாலே ராஜத்துரோகி. அவனுக்கு இடம் கொடுத்தவர்களுக்கும் தூக்கு. சந்தையில் அதை வாசித்தது ரால்ஃப்தான். வீட்டுக்கு வந்து தொப்பியைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "உன் தம்பி அங்கேயே இருக்கட்டும் வினி. வந்துட்டான்னா நான் அவனுக்கு அத்தானா இருக்க முடியாது."

உன் கடிதத்தைப் பற்றி அவரிடம் நான் இன்னும் வாய் திறக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவரிடம் எதையும் ஒளித்ததில்லை.

வினிஃப்ரெட்

---

ரூவன், பிரான்சு
1585 ஆகஸ்ட் 11

அக்கா,

சொல்லிவிட்டேன். உன் கடிதம் கிடைக்கும் முன்பே, சிறு வயதில் படகோட்டித் தெரிந்துகொண்டதை எல்லாம் ஊர்க்கதை போலச் சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் படித்ததும் மேலங்கி தந்த அந்தப் பெரியவரின் அறைக்குப் போனேன். மேசைமேல் வரைபடம் விரித்திருந்தது. நம் துறை, வடக்குப் பாறை, ஆழம், எல்லாம் இருந்தன. அப்பா படகு கட்டிய இடத்தில் ஒரு சிலுவைக் குறி. அங்கேதான் படை இறங்குமாம். என் ஊர்க்காரர்கள் என்ன ஆவார்கள் என்று கேட்டேன். அவருக்குக் கோபம்கூட வரவில்லை. "குழந்தை மாதிரி பேசாத. ஒரு நாடே திருச்சபைக்குத் திரும்பணும்னா நாலு மீன்பிடி ஊர் எரியத்தான் செய்யும்" என்றார்.

அன்றே கிளம்பிவிட்டேன். மேலிடத்தின் உத்தரவைக் கேட்கவில்லை; கேட்டிருந்தால் கிடைத்திருக்காது. நான் இப்போதும் போப்பாண்டவரின் பிள்ளைதான் அக்கா, அதில் மாற்றமில்லை. ஆனால் அவர் பெயரைச் சொல்லிக் கப்பல் அனுப்புகிறவர்களுக்கு என்னால் வழிகாட்டியாக இருக்க முடியாது.

ஊருக்கு வருகிறேன். வரைபடத்தில் பார்த்ததை அத்தானிடம் நேரில் சொல்ல வேண்டும். பிறகு அப்பாவைப் போலக் குரு வேண்டும் என்று கேட்டுப் படுத்திருக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடம் போக வேண்டும். செப்டம்பர் கடைசியில் கப்பல் கிடைக்கும் என்கிறார்கள். உன் வாசலில் நிற்க மாட்டேன், பயப்படாதே.

உன் தம்பி
லாரன்ஸ்

---

ஸ்கார்விக்
1585 செப்டம்பர் 14

தம்பி,

வராதே.

ரால்ஃபிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஊரின் உயிர் சம்பந்தப்பட்டதை எப்படி மறைப்பது? ஏன் முன்னமே சொல்லவில்லை என்று அவர் கேட்கவில்லை. வடக்குப் பாறையில் காவல் வேண்டும் என்று யார்க் நகர அதிகாரிகளுக்கு எழுதினார். உன் பெயரை எழுதவே இல்லை. ஆனால் ஸ்கார்விக்கில் யாருடைய ஆள் ரோமாபுரியில் இருக்கிறான் என்று கண்டுபிடிக்க அவர்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? முந்தாநாள் குதிரையில் ஆட்கள் வந்து இறங்கினார்கள். துறையில் கப்பல் வந்தால் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்கள். ரால்ஃப் சொல்வதை அவர்கள் கேட்பதில்லை. அவரையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

நீ சொல்ல வந்த செய்தி சேர்ந்துவிட்டது. அங்கேயே இரு. இறந்துபோனவருக்கு எங்கே நின்று பூசை வைத்தாலும் ஒன்றுதான்.

யூஸ்டை இன்றே கிளம்பச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறேன்.

அக்கா

---

ஸ்கார்விக்
1585 நவம்பர் 21
யார்க் கோட்டைச் சிறையில் இருக்கும் லாரன்ஸுக்கு

அன்புத் தம்பி,

செப்டம்பரில் நான் எழுதியதை யூஸ்ட் பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்தார். அவர் ரூவன் போய்ச் சேரும்போது நீ கிளம்பியிருந்தாய்.

அன்று படகிலிருந்து நீ இறங்கும்போது ரால்ஃப் முந்திக்கொண்டு வந்து உன் கையைப் பிடித்தாரே, அதற்காக அவரை வெறுக்காதே. "அவங்க கையில சிக்காம என் கையில வாடா தம்பி" என்று அவர் சொன்னது உன் காதில் விழுந்ததோ என்னவோ. ஊர் முழுக்க விழுந்தது.

விசாரணையன்று பின்வரிசையில் நின்றிருந்தேன். வரைபடத்தைப் பற்றி நீ சொன்னதை வரி விடாமல் எழுதிக்கொண்டார்கள். பிறகு அந்தக் கேள்வி வந்தது: போப்பாண்டவர் படை அனுப்பினால் நீ யார் பக்கம்? "படை வரக்கூடாதுன்னு சொல்லத்தான் வந்தேன். வந்தா எங்க ஊர்க்காரங்களோட நிப்பேன். அவங்களுக்குப் பூசையும் வைப்பேன்" என்றாய். பின்பாதி போதும், தூக்கு என்றார் நீதிபதி. முன்பாதியை அவர் கேட்டதாகவே தெரியவில்லை.

வடக்குப் பாறையில் இப்போது பீரங்கி ஏற்றிவிட்டார்கள். ரோமாபுரியில் நீ காட்டிக்கொடுத்தவன் என்று பேச்சாம், யூஸ்ட் சொன்னார். இரண்டு பக்கமும் உன்னிடமிருந்து எடுக்க வேண்டியதை எடுத்துக்கொண்டு உன்னைக் கைவிட்டுவிட்டார்கள்.

இந்தக் கடிதத்துக்கு அனுமதி கொடுத்தது ஒரே காரணத்துக்காக. ஒரு ஞாயிற்றுக்கிழமை ராணியின் சபைக்கு வந்து, போப்பாண்டவரை விட்டுவிட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் உயிர்ப்பிச்சை உண்டாம். உனக்கு அதை எடுத்துச் சொல்லச் சொன்னார்கள். எடுத்துச் சொல்லிவிட்டேன். உன்னை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் உன்னிடம் மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் கொடு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரால்ஃப் ஊர்க்காவலர் பதவிக் கோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். காரணம் கேட்டதற்கு, முதுகுவலி என்றாராம். இனி எங்களையும் கேட்பார்கள், கேட்கட்டும்.

வெள்ளிக்கிழமை உன்னைக் கொண்டுபோகும் வழியில், பாலம் தாண்டியதும் இடது பக்கம் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். கூட்டம் என்ன கத்தினாலும் காதில் வாங்காதே. எங்களைப் பார்த்துக்கொண்டே போ.

உன் அக்கா
வினிஃப்ரெட்