மாப்பிள்ளை வீட்டுக் கூரையில் கொசுவலை

18.1.2004, ஞாயிறு இரவு

கனடாவிலிருந்து மகள் போன் செய்தாள். "வீடெல்லாம் கக்கூஸ் நாத்தம்பா. கொழந்தை வாந்தி எடுக்குது. கூரை மேல போற கக்கூஸ் காத்துக்குழாய் அடைச்சிக்கிச்சு. யாரோ அதுக்குக் கொசுவலை கட்டி வச்சிருக்காங்க. ஆவி பட்டு வலையே ஐஸா ஒறஞ்சி மூடிக்கிச்சாம். பிளம்பர் நாளைக்குத்தான் வருவாராம். வலைய அறுக்க இவரே ஏறப் போறாரு."

அந்த யாரோவைக் கட்டச் சொன்னவன் நான்தான். இங்கே வேங்கிக்காலில் நான் குழாய் போட்ட வீடுகளில் எல்லாம் செப்டிக் டேங்க் காத்துக்குழாய்க்குக் கொசுவுக்காக வலை கட்டாமல் விட்டதில்லை. போன கோடையில் அங்கே போயிருந்தபோது, மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் மாப்பிள்ளையிடமும் சொன்னேன். மறுபேச்சில்லாமல் ஏறிக் கட்டினார். மகளிடம் இதுவரை என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

பனியில் ஏற வேண்டாம் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டேன். இப்போது மூன்று முறை போன் போட்டுவிட்டேன். மணி அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை.