அக்காவுக்கு மங்குஸ்தான் தோல் கஷாயம்

1927 டிசம்பர் 5, திங்கள்

விடியும்போதே மழை. ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு இல்லை. மதியத்துக்குள் அக்காவின் கட்டிலடி எனாமல் சட்டியை ஐந்து தடவை கழுவியாயிற்று. சாம்பல், சவுக்காரம், வேப்பிலை, மறுபடியும் சாம்பல். விரலிடுக்கில் நாற்றம் போகவில்லை. சோறு இறங்கவில்லை. பருப்பின் மஞ்சள் நிறத்தைப் பார்க்கவே முடியவில்லை.

கிள்ளான் பள்ளிக்கூடத்திலிருந்து விடுமுறைக்கு வந்து நான்கு நாள். பூமணி அக்காவுக்கு எட்டு மாதமாக இரத்தக் கழிச்சல். நிற்கும், பத்து நாளில் திரும்ப வரும். பத்தொன்பது வயது, கை என் கையைவிடச் சிறுத்துவிட்டது. தோட்டத்து மருந்தகத்து டிரஸ்ஸர் போட்ட ஊசிகள் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை வரும் வெள்ளைக்கார டாக்டர், இது சாதாரணச் சீதபேதி இல்லை, குடலின் உட்புறம் முழுக்கப் புண், காரணம் தெரியாது என்றாராம். சனிக்கிழமை மறுபடி வருகிறார். குறையாவிட்டால் கோலாலம்பூருக்கு அனுப்பி, வயிற்றில் துளை போட்டு அதன் வழியே குடலைக் கழுவுவார்களாம்.

அதுவரை தினமும் எத்தனை தடவை, இரத்தம் உண்டா இல்லையா என்று குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் எழுத்து வேலை என்றால் தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியான அப்பாதான். ஆனால் அப்பா "அந்த விஷயம்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொள்கிறார். கைக்குட்டையில் லவண்டர் தண்ணீர். ஆகவே நான்.

இன்று: 11. இரத்தம் உண்டு.

பி.கு. அடுப்பிலிருக்கும் மருந்துப் பானையில் கிடப்பவை: மாதுளை ஓடு (கூலிக்காரர் லயத்து மாரியாயி), வில்வக்காய் (கோயில் ஐயர் வீடு), கொய்யாத் தளிர் (பக்கத்துக் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருக்கும் அம்மா), மங்குஸ்தான் தோல் (அவரே), கடுக்காய், ஓமம், இன்னும் ஏதோ ஒரு வேர். யார் கொண்டுவந்தாலும் அம்மா வேண்டாம் என்பதில்லை. "மனமெடுத்துக் கொண்டுவந்து தந்ததை எறியலாமே பிள்ளை?" எல்லாம் ஒரே பானையில். சேற்றுக் குட்டை நிறம். அக்கா குடித்ததும் பாதி வெளியே வந்தது, என் பாவாடையில்.

டிசம்பர் 6, செவ்வாய்

தூறல். ஈ.

அம்மாவோடு சண்டை. ஏழு மருந்து ஒன்றாகக் கொடுத்தால் குணமானது எதனால், கெட்டது எதனால் என்று எப்படித் தெரியும்? மலேரியாவுக்குக் கொடுக்கிற கொயினா ஒரு மரப்பட்டையிலிருந்து எடுத்ததுதான் என்று டிரஸ்ஸரே சொன்னார். பட்டை முழுவதையும் யாரும் தின்பதில்லை. அதற்குள் வேலை செய்கிற ஒன்றைத் தனியே பிரித்தார்கள். அப்படியானால் முதலில் ஒவ்வொன்றாய்க் கொடுத்துப் பார்க்க வேண்டாமா?

அம்மா: "நீ என்ன டாக்குத்தரே?"

அக்கா கட்டிலிலிருந்து: "அவள் சொல்லுறதைச் செய்யுங்கோ அம்மா. ஒரு நாத்தமெண்டால் தாங்குவன். ஏழு நாத்தம் ஏலாது."

மங்குஸ்தான் தோலை எடுத்துக்கொண்டேன், வீட்டில் அதுதான் நிறைய இருந்ததால். வெட்டினால் மஞ்சள் பால் வடிகிறது. நகத்தில் பட்டது போகவே இல்லை. எட்டுத் தோல், மூன்று குவளை நீர், ஒரு குவளையாக வற்றும்வரை. நானும் ஒரு வாய் குடித்தேன். நாக்கைச் சணல் சாக்கில் தேய்த்தது போல. பல்லெல்லாம் பிசுபிசுப்பு.

10. இரத்தம் உண்டு.

டிசம்பர் 7, புதன்

7! இரத்தம் கொஞ்சம்.

மாரியாயி விறகு கொண்டுவந்தவள் அடுப்பை எட்டிப் பார்த்தாள். "என் மாதுள ஓட்ட எங்க சின்னம்மா? குப்பையிலயா? ஆமா, கூலிக்காரி குடுத்தது கிராணி வீட்டு வயித்துக்கு ஒத்துக்குமா?" விளக்கிச் சொன்னேன். பாதி கேட்டாள். "பழத்த நீங்க தின்னுட்டுத் தோல அக்காவுக்குக் குடுக்குறீங்க. நல்ல வைத்தியம் லா!" அக்காவே சிரித்துவிட்டாள். சிரித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் 8, வியாழன்

5. சட்டியில் இரத்தம் இல்லை என்றே சொல்லலாம். இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன். 5.

அப்பா கைக்குட்டை இல்லாமல் அறை வாசல் வரை வந்தார். "கெட்டிக்காரி" என்றார், என்னை. அம்மா தேங்காய் உடைத்தார்.

அக்காவின் முகம் மட்டும் தேறவில்லை. உதடு வெள்ளை. "வயிறு இறுக்கமா இருக்கு, வேறை ஒண்டுமில்லை" என்கிறாள். அவள் பாவாடைக் கரையில் சேறு. ஜன்னல் திறந்திருந்தது, சாரல் அடித்திருக்கும்.

மாலை மாரியாயி தோல் கேட்டு வந்தாள். மருமகளுக்கும் இதே கழிச்சல், ஒரு வாரமாக. "டிரஸ்ஸர் கிட்ட இனி வரமாட்டேங்குறா. பூமணியம்மாவுக்குக் கேட்டது எனக்குக் கேக்காதாங்குறா." ஒரு கூடை கொடுத்தேன். அளவும் சொல்லிக்கொடுத்தேன். பெருமையாக இருந்தது.

டிசம்பர் 9, வெள்ளி

எழுதவே அருவருப்பு. இருந்தாலும் எழுதுகிறேன்.

காலையில் கஷாயச் சக்கையைக் கொட்ட வாழைக்குப் பின்னால் போனேன். வெறுங்காலோடு. கால் வழுக்கியது. சூடாக இருந்தது. மேலே தூவியிருந்த சாம்பலை மழை கரைத்துவிட்டிருக்கிறது. சளி, இரத்தம், இரத்தக் கட்டி. கால் விரல்களுக்கிடையே. பக்கத்தில் இன்னும் இரண்டு சாம்பல் மேடு. அங்கேயே வாந்தி எடுத்தேன்.

கிணற்றடியில் காலைத் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்தது. பிறகு அக்காவிடம் போனேன்.

"எத்தனை நாளா?"

"என்ன?"

"வாழைக்குப் பின்னாலை."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமையிலை இருந்து இல்லை. புதன்தான். கக்கூஸ் வாளியிலை இருந்தால் தோட்டி அம்மாட்டைச் சொல்லிப் போடுவான்."

"அந்த மழைக்குள்ளையா போனனீ? நிக்கவே ஏலாத நீ?"

"தவண்டு போனன். வயித்திலை ஓட்டை போட்டு, அதுக்குள்ளாலை குழாய் விட்டு... என்னை யார் தங்கச்சி பக்கத்திலை இருக்க விடுவினம்? அப்பா இப்பவே மூக்கைப் பொத்துறார்." பிறகு, "எழுதாதை. நாளைக்கு ஒரு நாள்தானே. டாக்குத்தர் பார்த்திட்டுப் போகட்டும். பிறகு உன்ரை தோல் மெதுவாக் கேட்கும்."

ஒவ்வொரு நாளும் வெளியே எத்தனை தடவை என்று கேட்டேன். சொன்னாள். கூட்டிப் பார்த்தால்:

செவ் 10
புத 9
வியா 9
வெள் 8 (இரவுவரை)

குறைந்திருக்கிறது. பொய்யில்லை, தோலில் ஏதோ ஒன்று இருக்கிறது. ஆனால் போதாது. இரத்தம் நிற்கவே இல்லை. நான் சட்டிக்குள் மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். முகம் எதிரே இருந்தது. பாவாடைச் சேறு எதிரே இருந்தது. 7 என்று எழுதி ஆச்சரியக்குறி வேறு.

மழையில் லயத்துக்கு ஓடினேன். மாரியாயியின் மருமகள் பாயில் சுருண்டு கிடந்தாள், பக்கத்தில் என் கஷாயம், மேலே ஈ. அது சரிவரக் கேட்கவில்லை, டிரஸ்ஸரிடம் போங்கள் என்றேன். மாரியாயி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நேத்து கேக்குதுன்னீங்க, இன்னிக்கு கேக்கலங்குறீங்க. நாங்க எதத்தான் குடிக்கிறது?" ஆனாலும் மருமகளைத் தூக்கி உட்காரவைத்துத் தலைக்குச் சாக்கைப் போர்த்தினாள்.

டிசம்பர் 10, சனி

மழை விட்டது. டாக்டர் பத்து மணிக்கு வந்தார். டிரஸ்ஸர் கையில் குடை, பெட்டி.

காலையில் இரண்டு தாள் எழுதிவைத்திருந்தேன். ஒன்றில் சட்டியில் கண்டது மட்டும்: 10, 7, 5, 4. மற்றதில் எல்லாம் சேர்த்து: 10, 9, 9, 8. அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கொடுத்தது இரண்டாவதை.

டாக்டர் படித்தார். இந்தத் தாளை எழுதியது யார் என்று இங்கிலீஷில் கேட்டார். நான் என்றேன். வெளியே போனவற்றையும் சேர்த்துத்தான் என்றேன், அம்மா முன்னால், அப்பா முன்னால். அப்பாவின் கைக்குட்டை மூக்குக்குப் போய்விட்டது. டாக்டர் ஒரு தோலை எடுத்து நகத்தால் கீறி, மஞ்சள் பாலை முகர்ந்து, காகிதத்தில் மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டார். இதில் என்ன இருக்கிறதென்று யாராவது பார்க்க வேண்டும், ஆனால் இந்தப் பெண் அதுவரை காத்திருக்க முடியாது என்றார். திங்கட்கிழமை கார் வரும்.

அக்கா அழவில்லை. எல்லோரும் வாசலுக்குப் போனபின் சட்டியை எடுக்கக் குனிந்தேன்.

"வை."

"நிறைஞ்சிருக்கு அக்கா."

"நீ எழுதினது சரிதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் இனி என்ரை சட்டியை நீ தொடாதை."

அம்மா வந்து எடுத்துப்போனார். நான் அறைக்கு வெளியே நிற்கிறேன். என் கையில் வேப்பிலை மணம் மட்டும்.